மரத்தில் தொங்கிய தட்டு

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் வில்லியனூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் குழாய் பிட்டராக இருந்தேன். நெல் அவிக்கும் தொட்டியைக் கழுவ ஆள் இறங்குமுன் நீராவிக் குழாயின் இணைப்பைப் பிரித்து, நடுவே நீராவியை அடைக்கக் கனத்த இரும்புத் தட்டை வைத்து போல்ட்டை முறுக்கவேண்டும். வால்வை நம்ப முடியாது. அது கசிந்தால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார்.

ஒருநாள் தட்டைக் காணோம். தேடினால், ஆலை வாசல் புளியமரத்தில் தொங்குகிறது. சத்தம் கணீரென்று வருகிறதாம். மேஸ்திரி அதை வேலைக்குக் கூப்பிடும் மணியாக்கிவிட்டார்.

தொட்டியருகே இரண்டு பெண்கள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“வால்வுதான் மூடியாச்சே, இன்னா பயம்? எறங்கச் சொல்லுப்பா,” என்றார் மேஸ்திரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப நீங்களே மொதல்ல எறங்கிக் காட்டுங்க மேஸ்திரி,” என்றேன்.

அவர் இறங்கவில்லை. நான் கயிற்றை அறுத்துத் தட்டை எடுத்துவந்து பூட்டினேன். அதன்பிறகே அந்தப் பெண்கள் இறங்கினார்கள்.

பக்கத்துத் தொட்டிக்கும் ஒரு தட்டு வேண்டுமென்று முதலாளியிடம் ஒரு வருஷமாக நடையாய் நடந்துகொண்டிருந்தேன். வரவில்லை. மணி மட்டும் மறுநாளே புதுச்சேரியிலிருந்து புதிதாக வந்து இறங்கியது.