வெள்ளிக்கிழமைக் கடலில் யாரும் இல்லை

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எங்கள் ஊர் மீனவர் சங்கத்தின் தலைவர். அவன் வீட்டில் நான் கை நனைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பெருநாளைக்குக்கூடப் போகவில்லை. இந்தக் கோபம் எத்தனை நாளைக்கு என்று மனைவி கேட்கிறாள். எனக்கும் தெரியாது. எரிகிற வயிற்றுக்குள் அவன் வீட்டுச் சோறு எப்படி இறங்கும்?

எல்லாம் ஒரு பலூனோடு வந்தது. பலூனின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது தன்பாட்டில் மேலே போனது, அவ்வளவுதான்.

முதலில் எங்கள் போட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கற்பிட்டிப் பக்கம், மேற்குக் கடலோரம் எங்கள் ஊர். அங்கே ஒரு போட்டில் பாதி எனக்குச் சொந்தம். மற்றப் பாதி, தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேதக்கார ஊரை, அதாவது கிறிஸ்தவ ஊரைச் சேர்ந்த ஒருவருக்கு. என்னைவிட இளையவர். முஸ்லிம் ஆட்களை அவர்கள் மரியாதையாகக் கூப்பிடுவதுபோல என்னை 'நானா' என்பார். நான் 'தம்பி' என்பேன். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடியும்வரை ஒருவரும் கடலில் இறங்குவதில்லை. அவர்களுக்கு ஞாயிறு பூசை. அன்று அவர்கள் கரையில் ஒரு எஞ்சின் சத்தமும் கேட்காது. மற்ற நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். வெள்ளியில் அவர் தனியே போவார், ஞாயிறில் நான் தனியே போவேன். எங்கள் போட்டுக்கு மட்டும் லீவு கிடையாது. "பாவம் நானா, தான் என்ன மதம் எண்டு அதுக்கே தெரியாது" என்று அவர் பகிடி விடுவார்.

இது ஊருக்குத் தெரியாத விஷயம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கரையில் போட்கள் எல்லாம் நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அது யாருடைய இடம், அந்த நேரம் கடலில் நிற்பது யார் என்று மதரசாவுக்குப் போகிற பிள்ளைகூடச் சொல்லும்.

போன வருடம் பங்குனி மாதம் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. எல்லோரும் இளம் ஆட்கள், படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள். லீவு நாட்களில் ரொக்கெட் செய்வது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. தலைமை தாங்கியது கண்ணாடி போட்ட ஒரு பெண் பிள்ளை. தரையிலிருந்து ரொக்கெட்டை விட்டால் அதன் பலமெல்லாம் கீழே இருக்கிற கனத்த காற்றைத் துளைப்பதிலேயே முடிந்துவிடுமாம். அதனால் பெரிய பலூன் ஒன்றில் கட்டி, காற்று மெலிந்த உயரம்வரை தூக்கிப்போய், கீழேயிருந்து சிக்னல் கொடுத்து அங்கே வைத்துப் பற்றவைப்பார்களாம். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நாங்களும் கரையில் நின்று வலையை வீசுவதில்லையே. மீன் இருக்கும் இடம்வரை போட்டில் கொண்டுபோய்த்தானே விடுகிறோம்.

ஆனால் மேலே போனது கீழே வர வேண்டும். பரசூட் விரிந்தால் பிரச்சினை இல்லை. விரியாவிட்டால் ஆள் உயரக் குழாய் ஒன்று வானத்திலிருந்து நேரே இறங்கும். எங்கே இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; காற்று கொண்டுபோகிற இடம்தான். அதனால் அவர்களுக்குக் கிடைத்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது: அந்த நேரம் கடலில் ஆள் இருக்கக் கூடாது. எந்த நாளில் கடல் காலியாக இருக்கும் என்று சங்கத்தில் வந்து கேட்டிருக்கிறார்கள். நான் அன்று எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் புத்தளம் டவுனுக்குப் போயிருந்தேன். மச்சான் யோசிக்கவே இல்லையாம். "வெள்ளிக்கிழமை வாங்க. ஜும்ஆவுக்கு முந்தி கடல்ல யாரும் இல்ல" என்றானாம். சுற்றியிருந்த கமிட்டிக்காரர்களும் தலையாட்டியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவித்தார்கள்: நாளை காலை கரையில் பலூன் விடுகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடலுக்குப் போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அதுதான் யாரும் போகமாட்டார்களே, பிறகு யாருக்குச் சொல்வது? அந்த ஸ்பீக்கர் தென்னந்தோப்பைத் தாண்டிக் கேட்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அன்று வலை காயப்போடும்போது என் கூட்டாளி, "மகள் பள்ளிக்கூடத்தில கேள்விப்பட்டு வந்து, பலூனைக் கட்டாயம் பாருங்க எண்டாள் நானா, நான் கடல்ல நிண்டே பாக்கப்போறன்" என்றார். பாருங்கள் என்றுதான் நானும் சொன்னேன். விழுகிற கதை எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளி காலை ஊரே கரைக்கு வந்துவிட்டது. மணலில் தறப்பாள் விரித்து, கையுறை போட்டுக்கொண்டு, சிலிண்டரிலிருந்து காஸ் ஏற்றினார்கள். பலூன் அசைந்து அசைந்து எழுந்தது. அதன் கீழே நீளமான கயிற்றில் ரொக்கெட் சரிந்து தொங்கியது. கயிற்றை விட்டதும் பிள்ளைகள் கத்தினார்கள், பெரியவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

பிறகு அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளை லப்டொப்போடு இருந்த கூடாரத்துக்குப் போய், ரொக்கெட் எங்கே விழும் என்று கேட்டேன். அவள் கையை நீட்டிக் கடல் முழுவதையும் காட்டினாள். "அங்க எங்கயாவது, அங்கிள். அதுக்குத்தானே வெள்ளிக்கிழமை வந்தது. கடல்ல யாரும் இல்ல எண்டு சங்கத்தில சொன்னாங்க."

நான் சட்டென்று திரும்பினேன். மச்சான் பக்கத்தில்தான் நின்றான்.

"எங்கட போட் கடல்ல நிக்குது" என்றேன்.

"அது ஒரு போட் தானே மச்சான். இவ்வளவு பெரிய கடல்ல, அது தேடிப்போய் அவன்ட தலையிலயா விழப்போகுது?"

"யாரும் இல்ல எண்டு நீ சொன்னியா இல்லையா?"

"எங்கட ஆக்கள் யாரும் இல்ல தானே!"

அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரொக்கெட்டைப் பற்றவைக்க இன்னும் நேரம் இருக்கிறது, வேண்டாமென்றால் சிக்னல் கொடுக்காமல் பலூனை அறுத்துவிடலாம், முழுதாகப் பரசூட்டில் இறங்கிவிடும் என்றாள். "ஆனா சங்கத் தலைவர் சொல்றதுதான் எங்களுக்கு முடிவு" என்று மச்சானைப் பார்த்தாள். "அவன் தெற்கால கன தூரம் போறவன் மிஸ். நீங்க செய்ங்க" என்றான் மச்சான். பச்சைப் பொய். அவர் எங்கே வலை விடுவார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவள் திரும்பவும் திரையைப் பார்க்கத் தொடங்கினாள். மாதக்கணக்கில் உழைத்து வந்த பிள்ளை, அந்தப் பதிலை நம்பத்தான் ஆசைப்பட்டாள். அவள் மேலும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் மச்சான் மேல் வந்தது வேறு.

மச்சான் தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வாப்பாவின் தோளில் உட்கார்ந்து இந்தக் கரைக்கு வந்த பிள்ளை. இங்கே முகாமில் வளர்ந்தவன். அவர்களுடைய வீட்டைப் பிறகு வேறு யாரோ பிடித்துக்கொண்டார்கள். ஆளில்லாத வீடு என்று சொல்லித்தான் கதவை உடைத்தார்களாம். நோன்பு காலத்தில் ஆட்கள் கூடினால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான், சொல்லும்போது அழுவான். நானும் கூட அழுதிருக்கிறேன். அந்த வாயாலேயே, கடலில் நிற்கிற ஒரு மனுசனை யாரும் இல்லை என்று சொல்ல இவனுக்கு எப்படி மனம் வந்தது?

கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். அவ்வளவு தூரத்துக்கு லைன் கிடைக்காது என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டே இருந்தேன். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கைக்கு எட்டிய முதல் போட் மச்சானுடையது. நல்லது என்று அதிலேயே ஏறினேன். எஞ்சின் பிடித்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஜும்ஆவுக்கு நேரமாகுதுடா! எங்க போறாய்? உனக்கென்ன பைத்தியமா?"

"இப்ப சொல்லு பாப்பம்! கடல்ல யாரும் இல்ல எண்டு இப்ப சொல்லு!"

தொண்டை கிழியக் கத்தினேன். ஊர் முழுக்கக் கேட்டது. என் வாழ்நாளில் வெள்ளிக்கிழமைக் காலையில் நான் கடலில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

மின்நிலையத்துப் புகைபோக்கியையும் அவர்கள் ஊர் வேதக்கோயில் கோபுரத்தையும் நேர்வைத்துப் பார்த்து ஓடினால் அவர் வலைவிடும் இடம் வரும். போகும் வழியெல்லாம் அண்ணாந்து பார்த்தேன். பலூன் ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிட்டிருந்தது. பயமாக இருந்தது. அவருக்காகவும் பயம், எனக்காகவும் பயம்.

என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போனது.

"வெள்ளிக்கிழமையில நீங்களா? ஆருக்கு என்ன நானா? என்ட வீட்டிலயா?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல தம்பி. அந்த ரொக்கெட் இங்கதான் விழுமாம். வலைய வெட்டிவிட்டுட்டு வாங்க."

அவர் மேலே பார்த்தார், வலையைப் பார்த்தார். பாதி வலை இன்னும் தண்ணீரில் கிடந்தது, நிறைய மீன் பட்டிருந்தது. "இதுக்காக வலைய வெட்டுறதா? கொஞ்சம் பொறுங்க" என்று மறுபடி இழுக்கத் தொடங்கினார். மச்சானின் போட்டை எங்கள் போட்டோடு கட்டிவிட்டு நானும் வலையைப் பிடித்தேன். ஒரு கண் வலையில், ஒரு கண் வானத்தில். வெள்ளைப் புள்ளி இருந்தது, இருந்தது, பிறகு காணவில்லை. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. கன நேரம் கழித்து வடக்கே, எங்களுக்கு எட்டாத தூரத்தில், செம்மஞ்சள் பரசூட் ஒன்று மெதுவாகக் கடலில் இறங்கியது.

"பத்தவேயில்லையே" என்றார் அவர். "மகளிட்டப் போய் என்னத்தச் சொல்லுறது?"

கரைக்கு வந்தபோது ஜும்ஆ முடிந்து ஆட்கள் தொப்பியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைய ஜும்ஆ தப்பிப்போனது. மச்சான் முழங்கால் தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"உன்னாலதான்டா எல்லாம் நாசமாப் போச்சு! நீ போனதாலதான் நிப்பாட்ட வேண்டி வந்திச்சு. எங்கட ஆள் ஒருத்தர் கடல்ல இரிக்கிறார், விட வேணாம் எண்டு அந்தப் பிள்ளையிட்ட நான் கெஞ்சாத கெஞ்சு கெஞ்சினன்! என்ட தங்கச்சிக்கு ஒண்டு எண்டா நான் என்ன செய்ற?"

இதை அவன் என் கூட்டாளியின் முகத்துக்கு நேரே சொன்னான். அவர் மீன் பெட்டியைக் கையில் தூக்கியபடி நின்றார். தான் என்ன சொல்கிறேன் என்று மச்சானுக்கு உறைக்கவே இல்லை. கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு உறைத்தது. அவள் பக்கத்தில் வந்து, "நீங்க காலையிலயிருந்து கடல்லயா இருந்தீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஓம் மிஸ். விடியறதுக்கு முந்தியே போனது."

அவள் மச்சானை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் பெட்டியை மணலில் வைத்தார். நல்ல பாரை மீனாக ஒன்று பார்த்து, என் வீட்டுக்கென்று எடுத்துத் தனியே வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப இனி வெள்ளிக்கிழமையெல்லாம் நீங்களும் என்னோட வரவேணும் போல, நானா."

நான் குனிந்து அந்தப் பாரையைக் கையில் எடுத்தேன். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து மச்சானும் கூடச் சேர்ந்து சிரித்தான்.