வாழைத்தாரோடு வந்த நோயாளி

தங்கை கல்யாணத்துக்கென்று பட்டாளத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு, காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வந்த நான், விடுப்பு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. வெள்ளைக்காரனை எதிர்த்து ஓடிவந்தேன் என்று எழுத ஆசைதான். முப்பதுகளில் அப்படிச் சொல்லியிருந்தால் மாலைகூடப் போட்டிருப்பார்கள். உண்மையான காரணம் விருந்து. புதுமாப்பிள்ளையைப் பங்காளிகள் வீடு வீடாகச் சோற்றுக்கு அழைத்தார்கள். துணைக்கு மைத்துனன் போக வேண்டும். "ஏனுங்க, எங்கூட்டுச் சோறு எறங்காதுங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் எங்கள் பக்கத்தில் எழுந்து போக முடியாது. எனக்கு எழ மனமும் இல்லை.

பள்ளியிறுதி வரை படித்த மூளை சும்மா இருக்குமா? தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்று கோயம்புத்தூர் முகாமுக்கு ஒரு தந்தி கொடுத்தேன். சாகக் கிடந்தவர் அந்நேரம் காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதில் ஒருவர் மாட்டிக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஹவில்தார், சட்டைக் கையில் மூன்று பட்டை போட்ட மேட்டுப்பாளையத்துக்காரர். எனக்கு விடுப்பு கொடுக்கச் சுபேதார் தயங்கியபோது, என் கண்ணெதிரே, "இந்தப் பையன் சொன்னபடி வரலீன்னா என் பட்டையக் கழட்டிக்குங்க" என்று வாக்குக் கொடுத்தவர். தெரிந்தும் நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் காலையில் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, உடனே திரும்பாவிட்டால் விலங்கோடு வருவேன் என்றார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"லீவு முடிஞ்சுபோச்சா கண்ணு? சொல்லவேயில்லியே. பொறப்படு, நானே கொண்டுபோய் உட்டுப்போட்டு வாரேன்."

புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைத் தகப்பன் கையோடு கூட்டிப்போய், வாழைத்தாரும் வெல்லமும் வைத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி விட்டுவருவது எங்கள் வழக்கம். அப்பாவுக்குப் பட்டாளமும் ஒரு சம்பந்தி வீடுதான்.

"நீங்க எதுக்குங்கப்பா? நானே போய்க்கறேனுங்க."

"ஓடியாந்த புள்ளயத் தனியா அனுப்புனா, பெத்தவனுக்கு மருவாதி தெரியலீம்பாங்க."

பேருந்தில் தந்தியைப் பற்றிச் சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தேன். அப்பா மடியில் வாழைத்தாரை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

முகாமுக்குள் அவர் தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். தாழ்வாரத்தில் சுபேதார் நின்றிருந்தார், அருகில் ஹவில்தார்.

"இது யாரு?" என்றார் சுபேதார்.

"எங்க அப்பாதானுங்க" என்றேன்.

சுபேதார் அப்பாவைப் பார்த்தார். பிறகு தாரைப் பார்த்தார். "பெரியவரே, உடம்பு எப்படி இருக்கு?"

"உங்க புண்ணியத்துல கல்லாட்டம் இருக்குதுங்க. தலவலின்னு ஒருநாள் படுத்ததில்லீங்க."

சொன்ன பிறகுதான் அப்பா என் முகத்தைக் கவனித்தார். அடுத்து ஹவில்தாரின் முகத்தை. என்ன தப்பு என்று புரியாவிட்டாலும் எங்கே தப்பு என்று புரிந்துவிட்டது. தாரை மெல்ல இறக்கி வைத்துவிட்டு இருமினார். அப்படியொரு மட்டமான இருமலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

"வர்ற வழியில நெஞ்சுல கொஞ்சம் சளி புடிச்சுக்கிச்சுங்க."

"சாகக் கிடந்தவருக்குச் சளி ஒரு கேடா?" என்றார் சுபேதார். திரும்பி மீசையைத் துடைத்துக்கொண்டார், சிரித்திருக்க வேண்டும்.

"தந்தி பொய்ங்க. நான்தான் குடுத்தேன். ஹவில்தாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

"அவருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா வாக்குக் குடுத்தது அவருதானே?"

அப்பா இருமலை மறந்து ஹவில்தாரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பதறிப்போன ஹவில்தார், "ஐயோ, வேண்டாங்க" என்று அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

எனக்குக் கொட்டடிச் சிறை. அவருக்கு மூன்று பட்டையில் ஒன்று போயிற்று.

அன்று சாயங்காலம் கொட்டடி வாசற்படியில் உட்கார்ந்து, சவரத் தகட்டால் அந்தப் பட்டையின் நூலை அவரே பிரித்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க, நான் பிரிச்சுத் தாரேனுங்க" என்றேன்.

"வேண்டாங்க சாமி. நீங்க இதுவரைக்கும் பிரிச்சுக் குடுத்ததே போதுமுங்க."

ஒவ்வொரு தையலாக மெல்ல அறுத்தார். துணி கிழியாமல் எடுத்தால் மறுபடியும் அதே இடத்தில் தைக்கலாமாம். பிறகு அப்பாவின் தாரிலிருந்து பழம் ஒன்றை உரித்துக்கொண்டு, எனக்கும் ஒன்றைக் கம்பிக்குள் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தின்னவும் செய்தேன்.

நான் அந்தப் பட்டாளத்தில் இருந்த வரையில் அவர் மூன்றாவது பட்டையை மறுபடியும் தைக்கவில்லை.