கிழிந்த ஓரத்தில் ஒரு வரி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பட்டப்பகலில், ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில், இது எனக்கே நடந்தது.

நான் வரலாற்று ஆய்வாளர். பிரிட்டிஷ் பேரரசு ஆண்ட காலத்தில் முஸ்லிம் அறிஞர்கள் அரசியலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதுதான் என் புத்தகம். அந்நிய ஆட்சிக்கு ஒரு முஸ்லிம் அடங்கி நடக்கலாமா என்று கேட்டு ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் முன்பே அது போலீஸ் கையில் சிக்கிவிட்டது. அந்த உருதுக் கையெழுத்துத் தாள்கள்தான் அன்று என் மேஜையில் இருந்தன. கடைசித் தாளின் ஓரம் கிழிந்து, முடிவு வரி மட்டும் இல்லை.

என் புத்தகமே அந்த வரியை நம்பித்தான் இருந்தது. பொறுமையில்லாமல் நானே ஊகித்து, என் நோட்டில் பென்சிலால் எழுதிவிட்டேன். ‘ஆகவே ஆயுதம் எடுப்பதே கடமை.’ கனகச்சிதமாகப் பொருந்தியது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மணி 2.40. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், அந்த வரி அழிந்திருந்தது. தாளில் ரப்பர் துகள்கள்.

“என் நோட்டை யாராவது தொட்டாங்களா?” என்று காப்பக ஊழியரிடம் கேட்டேன்.

“யாரு மேடம் இருக்கா? காலைல இருந்து நீங்க ஒருத்தர்தானே.”

எனக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டு மறுபடி எழுதினேன். இந்த முறை அழுத்தி.

2.55. எதிர் நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது. அதில் யாரும் இல்லை.

சர்க்... சர்க்...

என் கண் முன்னாலேயே எழுத்துகள் மறைந்தன. கடைசிச் சொல்லில் தொடங்கி... வலமிருந்து இடமாக.

எழ முடியவில்லை.

தாளின் மேல் யாரோ ஊதினார்கள்...

துகள்கள் என் மடியில் விழுந்தன.

ஓடினேன்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினேன். பென்சில் இருந்தது. ரப்பரைக் காணவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த ஆசிரியரின் வழக்குக் கட்டு கிடைத்தது. கிழிந்த இடத்தை அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஊகித்து நிரப்பியிருந்தார். நான் எழுதிய அதே வரி. ஒரு சொல்கூட மாறவில்லை. ‘அது என் வரி இல்லை’ என்று ஆசிரியர் கடைசிவரை சொல்லியிருக்கிறார். அந்த வரியை வைத்துத்தான் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

அதே வரியை நான் இரண்டு முறை எழுதினேன். புத்தகத்தில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.

கட்டின் கடைசித் தாள் சிறைக் குறிப்பு. கைதியின் கடைசி ஆசை என்ற இடத்தில், ‘அந்த மொழிபெயர்ப்பும் ஒரு ரப்பரும்’ என்று இருந்தது.

அதற்குக் கீழே அதிகாரி எழுதியிருந்தார்: கொடுக்கப்படவில்லை.