பற்றரிக்குப் போர்த்திய துவாய்

எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கியதிலிருந்து மிதந்துகொண்டிருக்கிறேன். பற்றரிதான் சரியான பாரம். கீழே பிளக் இல்லாததால், அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கி, வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்குக் கொண்டுவருவேன். சூடு ஆறியபின், திரைச்சீலைக்கு எட்டாமல் சீமெந்துத் தரையில் வைத்துச் சார்ஜ் போடுவேன். பிறகு பக்கத்திலேயே இருந்து அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்ப்பேன். கடற்காற்று வரும். மனதுக்குள் சைக்கிளில் எங்கெங்கோ ஓடித் திரிவேன்.

இன்று காலையும் அப்படி இருந்தபோது, செக்கிங்குக்கு ஆமிக்காரர் கதவைத் தட்டினார்கள். மனைவி பயத்தில் பற்றரியைத் துவாயால் மூடிவிட்டா. வயர் மட்டும் வெளியே தெரிந்தது. துவாய்க்குள் சிவப்பாக மினுங்கியது.

"மே மொனவத?" இது என்னவென்று கேட்டபடி இளம் ஆமிக்காரர் துவக்கை நிமிர்த்தினார்.

குண்டென்று என்னை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்றே நினைத்தேன். தெரிந்த சிங்களத்தில், "சைக்கிளுக்குச் சாப்பாடு, மாத்தயா" என்றேன்.

அவர் துவக்கு நுனியால் துவாயை விலக்கினார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூட வேணாம் அம்மே, சூடேறிப் பத்தும்" என்றார். வீட்டில் யார் யார், என்ன உறவுமுறை என்று பொலிஸில் பதிந்த துண்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மனைவி துவாயை மடித்து எடுத்தா. "இஞ்சாருங்கோ, நாளைக்கு இதையும் கொண்டுபோய்ப் பொலிஸில பதிஞ்சுபோட்டு வாங்கோ."

போகத்தான் இருக்கிறேன். என்ன உறவுமுறை என்று கேட்டால் எதைச் சொல்லட்டும்?