தம்போயில் ஓர் அறை காலி

ஈரோட்டிலிருந்து மலேசியாவுக்கு, ஜொகூரின் தம்போய்க்குப் படிக்க வந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறேன்.

இன்று காலை வீட்டுக்கார ஆன்ட்டி கதவைத் தட்டினார்.

"நீ நல்லா எழுதுவியே மா. ரூம் காலியாகுதுன்னு ஃபேஸ்புக்ல போட்டு விடேன். உன் பெட்ஷீட்டோடயே போட்டோ எடு, பாக்க அழகா இருக்கு."

எடுத்தேன். அம்மா கொடுத்தனுப்பிய சென்னிமலை விரிப்பு அது. அலமாரி உண்டு, பஸ் நிறுத்தம் பக்கம் என்றெல்லாம் எழுதினேன்.

"கடைசியா, லோக்கல் பொண்ணுங்க மட்டும்னு போடு. இந்தியாலேர்ந்து வர்றவங்க வேணாம். வீட்டைச் சுத்தமா வச்சுக்க மாட்டாங்க."

"ஆன்ட்டி, நானும் அங்கேருந்துதானே வந்தேன்?"

"ஐயோ, அலமாக்! உன்னைச் சொல்லல லா! நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

போன தீபாவளிக்கு வந்த விருந்தாளிகளிடமும் என்னை நம்ம வீட்டுப் பொண்ணு என்றுதான் சொன்னார். அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அத்தனை பேர் தட்டையும் கழுவியது நான்தான்.

அவர் சொன்னபடியே எழுதி, பிழை திருத்தி, பதிவிட்டுவிட்டேன்.

தம்போயில் அறை தேடும் உள்ளூர்ப் பெண்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். நல்ல அறைதான். படத்தில் இருக்கும் விரிப்பு மட்டும் கிடைக்காது. அது இந்தியாவிலிருந்து வந்தது.