அக்கா பார்க்காமல் போட்ட கையெழுத்து

எங்கள் கால்நடை மருத்துவமனையில் என் அக்காவுக்கு வைத்த பெயர் 'இன்னொருவாட்டி'. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருடமாக ரத்தப் பரிசோதனை அறையிலும் அதே கதைதான். மெஷின் ஒரு கணக்கைச் சொன்னால் போதாது. அதே ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் காகிதத்தில் கையெழுத்து. அதற்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது யார்? வெளியே சீட்டு எழுதும் நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு அம்மா வெள்ளாட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லையாம். டாக்டர் எங்கோ மாட்டுப் பிரசவத்துக்குப் போயிருந்தார். அக்கா ஆட்டின் கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடியைச் சிரைத்து ரத்தம் எடுத்தாள். ஆடு என் மேஜைக்கு முன்னால் நின்று கத்திக் கத்திப் புழுக்கை போட்டது. நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார், ஏதோ நான் போட்ட மாதிரி. எனக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, அந்தம்மா பஸ்ஸப் பிடிக்கணுமாம். மெஷின்ல வந்ததக் குடுத்துடு."

"கால் மணி நேரம்டி."

"உன் கால் மணி நேரத்துல பஸ் போயிடும்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை டாக்டருக்குப் போனில் படித்தேன். சிவப்பணு இருக்கவேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. "இவ்ளோ கம்மின்னா தேறாதும்மா. பக்குவமா சொல்லிடுங்க," என்றார். பக்குவத்துக்கு நான் எங்கே போவேன்? இருந்ததைச் சொன்னேன். அந்தம்மா காகிதத்தையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரிசையில் இருந்த மற்ற ரத்தங்களுக்கு நடுவே எழுந்தாள், உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு மேல் அந்த ஆட்டின் கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியில் வைத்தவள், உடனே மெஷினிடம் போனாள். அதில் அந்த ஆட்டின் கணக்குக்கு மேலே 'நாய்' என்று இருந்தது.

முந்தின நாள் கடைசியாக வந்தது நாய். ஆட்டின் சிவப்பணு நாயினுடையதைவிட ரொம்பப் பொடிசு. நாய்ப் பொத்தானில் ஓட்டினால் மெஷின் அதைத் தூசி என்று தள்ளிவிடும். அக்கா 'ஆடு' என்று மாற்றி மறுபடி ஓட்டினாள்.

"ரத்தம் நல்லாத்தான் இருக்குடி," என்றாள். "ஏதோ வயித்துக் கோளாறா இருக்கும். மருந்து குடுத்தா சரியாயிடும்."

சீட்டில் முகவரி இருந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் இருந்து அவள் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு விளக்கில் நின்றபோது கீழே இறங்கி, எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினாள். "வேகமா போடி, வித்துடப் போறாங்க," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தம்மா வீட்டு ஜன்னல் கம்பியில் வெறும் கயிறு தொங்கியது. அந்தம்மா குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"கசாப்புக் கடைக்காரர் அப்பவே கூட்டிட்டுப் போயிட்டார்," என்றார். "தானா செத்தா யாரு வாங்குவா?"

கடை தெருக்கோடியில் இருந்தது. ஓடினோம். மரக்கட்டைக்குப் பக்கத்தில் ஈரத்தோல் ஒன்று கிடந்தது. அதன் கழுத்துப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு முடி இல்லை.

அந்தம்மா வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, "எப்படியும் பொழைச்சிருக்காதுன்னு சொல்லிடுக்கா," என்று அவள் காதருகே சொன்னேன். என் கையை உதறிவிட்டாள்.

"தப்பு என்னோடதும்மா," என்றாள் அந்தம்மாவிடம். "உங்க ஆட்டு ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. நான் சரியாப் பாக்காம எழுதிக் குடுத்துட்டேன்."

அந்தம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "காலையில இமையப் பிரிச்சுப் பாத்தேன், நல்லா செவப்பாத்தான் இருந்துச்சு. படிச்சவங்க சொல்றீங்களேன்னு என் கண்ண நான் நம்பல."

"நீங்க பஸ்ஸுக்குப் போகணும்னு அவசரப்பட்டுட்டேன். உங்கள இருக்கச் சொல்லியிருக்கணும்."

"பஸ்ஸா? ஆட்ட எந்த பஸ்ல ஏத்துவாங்க? நடந்துதானே வந்தேன். சாயங்காலம் வரைக்கும் உக்காரச் சொல்லியிருந்தாலும் உக்காந்திருப்பேன்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த பஸ்ஸைப் பற்றி இன்றுவரை கேட்கவில்லை. திரும்பும்போது வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என் தோளைத் தொடவில்லை.