முருகன் கணக்கில் என் பிறந்தநாள்

என் அண்ணன் ஆகஸ்டில் பிறந்தான். அது என்ன அவன் சாமர்த்தியமா? ஆனாலும் வருஷந்தவறாமல் அவனுக்கு முட்டை அடித்துப் போட்ட கத்தோ உண்டு. கத்தோ என்றால் எங்கள் மொரிஷியஸில் கேக். அதன்மேல் ரோஸ் நிறப் பூச்சு, மெழுகுவர்த்தி, சுற்றி நின்று பாட எங்கள் டிராங்கெபார் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும். நானோ எங்கள் தீவில் வெயில் கொளுத்தும் தை மாதத்தில், தைப்பூசத்தை ஒட்டிப் பிறந்து தொலைத்தேன். கோயிலில் கொடியேறிவிட்டால் பத்து நாளைக்கு எங்கள் வீட்டில் முட்டை என்ற பேச்சே கூடாது. மீன் பொரிக்கும் சட்டியைக்கூட அம்மா கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிடுவார். முட்டை இல்லாமல் கத்தோ ஏது? கத்தோ இல்லாமல் பிறந்தநாள் ஏது?

"கொடி இறங்கினதும் செஞ்சு தரேன்" என்பார் அம்மா. கொடி இறங்கும். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து புத்தகம், சீருடை என்று செலவு வந்து நிற்கும். என் கத்தோ அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். இப்படி எத்தனை அடுத்த வருஷம்!

எட்டு முடிந்து ஒன்பது பிறக்கிற வருஷம் நான் விடவில்லை. சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். சிநேகிதிகளைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்றேன். ஜிஸ்லேன் என்று ஒரு கிரியோல் பெண், ஆப்பிரிக்க வம்சாவளி, என் பெஞ்சில் உட்காருவாள். தன் பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிட்டு, கத்தோவில் பெரிய துண்டாக வெட்டித் தந்தவள். அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

அப்போதுதான் மாமா உள்ளே புகுந்தார். அம்மாவின் தம்பி, பஸ் கண்டக்டர். வாயாலேயே வடை சுடுகிறவர்.

"அயோ அக்கா, நீ ஒரு காசு செலவு பண்ணாத. இவ பொறந்தநாள என்கிட்ட விடு. மேளம், பூ, சாப்பாடு, எல்லாம் உண்டு. ஊரே வரும் பாரு."

நான் நம்பினேன். ஜிஸ்லேனின் அம்மாவிடம் மாமாவே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இன்னும் இரண்டு சிநேகிதிகளின் வீட்டுக்கும் போனார். அப்பா மட்டும் எதிலும் தலையிடவில்லை. அந்த வருஷம் முதல்முதலாக அவர் காவடி எடுப்பதாக இருந்தார். தனிப் பாய், ஒருவேளைச் சாப்பாடு, அதிகம் பேச்சில்லை. என் பிறந்தநாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவர்மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

அந்த நாளும் வந்தது. பூசமும் என் பிறந்தநாளும் ஒரே நாளில் விழுந்திருந்தன. அம்மா எனக்குப் புது கவுன் போட்டுவிட்டார். முந்தின வருஷம் வந்த காய்ச்சலில் என் தலையை மழித்திருந்தார்கள். முடி காதுவரைதான் வளர்ந்திருந்தது. ரிப்பன் கட்டினால் நிற்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் வேறு. அம்மா பால் சொம்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு காவடி புறப்படும் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். மாமா என்னையும் மூன்று சிநேகிதிகளையும் அழைத்துக்கொண்டு கோயில் ரோட்டோரம், ஒரு மாமர நிழலில் நிறுத்தினார். ஜிஸ்லேன் வெள்ளை ஷூ போட்டு, பரிசுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

காவடிகள் வரத் தொடங்கின. ரோஜா நிறத் துணி, பூ, மயிலிறகு, மேளம். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்கால்கள். வீட்டுக்கு வீடு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கால்களை நனைத்தார்கள். ஜிஸ்லேனின் வாய் திறந்தது மூடவில்லை.

"தூ சா பூ துவா?" என்றாள். இத்தனையும் உனக்கா?

"பின்னே யாருக்கு? இவ பொறந்தநாளுக்குத்தான் ஊரே நடந்து வருது" என்றார் மாமா, அவள் பேசும் கிரியோல் மொழியிலேயே, கூச்சநாச்சமே இல்லாமல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கத்தோவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. முருகன் வீட்டு விசேஷத்தை என் பெயரில் எழுதிவிட்டார். கோயிலில் எல்லாருக்கும் இலவசமாகப் போடுகிற ஏழு மரக்கறிச் சாப்பாடுதான் என் விருந்து. எவ்வளவு பெரிய ஏமாற்று வேலை!

சரியாக அந்த நேரத்தில் அப்பாவின் காவடி எங்களுக்கு எதிரே வந்தது. நாக்கில் வேல் குத்தியிருந்தார்கள். முதுகெல்லாம் ஊசி. நான் அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. மேளத்துக்கு மேலே கேட்கும்படி கத்தினேன்.

"பொய்! இதுல ஒரு காவடிகூட எனக்கில்ல. ஒண்ணுகூட இல்ல!"

பால் சொம்போடு பின்னால் வந்த அம்மா என் தோளில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு நடந்தார். கிள்ளவேண்டியது மாமாவை. யாராவது அவரை ஒரு வார்த்தை கேட்டார்களா?

கோயிலில் பந்தி. வாழையிலையில் பூசணி, பலா, வாழைக்காய், ரசம். ஜிஸ்லேன் கையால் சாப்பிட்டு, காரத்தில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி இன்னும் இன்னும் என்று கேட்டாள். இப்படி ஒரு பிறந்தநாளை அவள் கண்டதே இல்லையாம். நாக்கிலிருந்த வேலை உருவியபின் அப்பா வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நாக்கு வீங்கி அவரால் சாப்பிட முடியவில்லை. தன் இலையிலிருந்த பாயசத்தை அப்படியே என் பக்கம் தள்ளினார். எனக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நேர்ந்துகொண்ட கடன் முடியும்வரை வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது. எங்கள் ஆட்களின் சட்டம் இது. அப்பா மூன்று வருஷம் காவடி எடுத்தார், மூன்று வருஷமும் வாயைத் திறக்கவில்லை. நாலாம் வருஷம் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னார். "யாருக்குன்னு நெனச்ச? அந்தக் காய்ச்சல்ல டாக்டர் கைய விரிச்சுட்டார். அன்னைக்கு ராத்திரி உனக்காக வேண்டிக்கிட்டது."

இதை இவ்வளவு சாவகாசமாகச் சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றுவரை அணையவில்லை. சாமியிடம் சொன்னதைப் பிள்ளையிடம் சொன்னால் சாமி என்ன கோபித்துக்கொள்வாரா? ஒரு ஜாடை காட்டக்கூடாதா?

ஒன்று இன்னும் சொல்லவில்லை. ரோட்டில் நான் கத்தியபோது அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. காவடியோடு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நாக்கில் வேல் இருந்ததால் பேச முடியாது. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. பெற்ற பெண்ணுக்கு ஒரு கத்தோ வாங்கித் தரவில்லையே என்று வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நன்றாக வெட்கப்படட்டும் என்று நானும் முறைத்துக்கொண்டே நின்றேன்.